எந்த எஸ். சந்திரசேகர்?

ஆராய்ச்சி உலகில் எஸ். சந்திரசேகர் என்ற பெயரில் கட்டுரை எழுதியவர்கள் ஒருவர் அல்ல. வெண்குறு விண்மீன்களின் எடைக்கு வரம்பு கண்டு, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் ஒருவர். நம் பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் திரவப் படிகங்களை ஆராய்ந்து, 1977-ல் வட்டத் தகடு போன்ற மூலக்கூறுகளிலும் அந்த நிலை உண்டு என்று காட்டிய சிவராமகிருஷ்ண சந்திரசேகர் இன்னொருவர். மூன்றாமவர், மக்கள் தொகை நிபுணராக விளங்கி, 1967-ல் மத்திய சுகாதார மந்திரியான ஸ்ரீபதி சந்திரசேகர்.

முதல் இருவரும் உறவினர்கள். ஒருவர் சர் சி. வி. ராமனின் அண்ணன் மகன். மற்றவர் ராமனின் சகோதரி மகன். இருவரும் பௌதிகக்காரர்கள். இருவரும் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். அச்சில் வந்தால் இருவரும் "எஸ். சந்திரசேகர்" தான்! ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவரை இந்தக் குழப்பம் பெரிதல்ல. ஆனால் எந்திரம் பெயரைப் பார்த்துக் கட்டுரைகளை அடுக்குகிற இக்காலத்தில் இது பெரிய விஷயம்.

அந்த எந்திரத்தின் பெயர் கூகுள் ஸ்காலர். 2004-ம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. இதை உருவாக்கிய இருவரில் ஒருவர் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனுராக் ஆசார்யா என்ற இந்தியர்; மற்றவர் அலெக்ஸ் வெர்ஸ்டாக். சாதாரண கூகுளில் தேடினால் கடை விளம்பரமும் சினிமாச் செய்தியும் சேர்ந்து வரும். இதிலோ ஆராய்ச்சிக் கட்டுரைகள், பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடுகள், புத்தகங்கள் என்று படிப்புச் சரக்கு மட்டுமே வரும். கட்டணம் கிடையாது. செல்போனிலேயே பார்க்கலாம்.

தங்கவயல் உதாரணம்

"நமக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கும் குமாஸ்தா நண்பர்கள், கோலார் தங்கவயல் என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்க்கட்டும். நம் பாட்டன்மார் வட ஆற்காட்டிலிருந்து போய் உழைத்த அந்தச் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டுவிட்டன. ஆனால் அங்கிருந்த தொழிலாளர் வாழ்க்கை பற்றிச் சரித்திர ஆசிரியை ஜானகி நாயர் எழுதிய நூலும், பாறை வெடிப்பு பற்றியும் பூமி அதிர்ச்சி பற்றியும் எழுதப்பட்ட கட்டுரைகளும் வரிசையாக வந்து நிற்கும்.

கூடவே "நியூட்ரினோ" என்ற சொல்லையும் சேர்த்துப் பாருங்கள். 1965-ல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். பம்பாய் டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தாரும், ஜப்பானியரும், ஆங்கிலேயரும் சேர்ந்து செய்த வேலை. கட்டுரையில் விஞ்ஞானிகள் பெயர் இருக்கிறது. அந்த ஆழத்தைத் தோண்டியவர்கள் பெயர் இராது. அது வேறு கதை.

தேடும்போது சில சூட்சுமங்கள் உண்டு. சேர்ந்தே வரவேண்டிய சொற்களை மேற்கோள் குறிக்குள் அடியுங்கள். எந்த ஆண்டுக்குப் பிறகு வந்தவை வேண்டும் என்று பக்கவாட்டில் குறிக்கலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே "சைட்டட் பை" என்று ஓர் எண் இருக்கும். அந்தக் கட்டுரையைப் பிற்பாடு எத்தனை பேர் எடுத்துக் காட்டினார்கள் என்பது அது. அதைத் தொட்டால் அந்தக் கட்டுரைகளும் வரும். பழைய கட்டுரையில் தொடங்கி இன்றைய நிலைவரை நூல் பிடித்துக்கொண்டு வர இதைவிட நல்ல வழி இல்லை. பணம் கேட்கும் கட்டுரையானால் "ஆல் வெர்ஷன்ஸ்" என்பதைத் தட்டுங்கள். ஆசிரியரே தம் கல்லூரித் தளத்தில் இலவசப் பிரதி வைத்திருந்தால் அது அங்கே கிடைக்கும்.

பெயர்ப் பக்கம்

2011 முதல் ஆராய்ச்சி செய்வோர் தமக்கென ஒரு பக்கம் வைத்துக்கொள்ளும் வசதியும் இதில் வந்தது. பெயர், வேலை பார்க்கும் இடம், எழுதிய கட்டுரைகள், ஆண்டுவாரியாக மேற்கோள் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில். வேலைக்கும் பதவி உயர்வுக்கும் இன்று பல இடங்களில் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறார்கள்.

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தொல்லை இங்கேதான். தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாக வைப்பது நம் வழக்கம். கன்னட நாட்டில் அதைப் பெயருக்குப் பின்னால் தள்ளுவார்கள். பாஸ்போர்ட்டில் அதையே விரித்துக் குடும்பப் பெயராக்கிவிடுவார்கள். பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் இனிஷியலே மாறிவிடுகிறது. ஆக ஒரே பெண் மூன்று கட்டுரைகளில் மூன்று ஆளாகத் தெரிவாள். எஸ். குமார் என்று பெயர் இருந்தாலோ, ஊர்பேர் தெரியாதவர்களின் கட்டுரைகளெல்லாம் அவன் கணக்கில் வந்து விழும். கட்டுரைகளைத் தானாகச் சேர்க்க எந்திரத்துக்கு அனுமதி கொடுத்தால் இது நிச்சயம் நடக்கும். "என்னைக் கேட்டுவிட்டுச் சேர்" என்ற வழியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. பிறர் கட்டுரையைத் தன் பக்கத்தில் விட்டுவைப்பது, தெரியாமல் நடந்தாலும், நேர்காணலில் மானத்தை வாங்கிவிடும்.

முதல் கட்டுரை அச்சாகுமுன்பே பெயரை எப்படி எழுதுவது என்று முடிவு செய்து, கடைசிவரை அப்படியே எழுத வேண்டும். இனிஷியலை விரித்து எழுதினால் இன்னும் நலம். 2012-ல் தொடங்கிய ஆர்க்கிட் என்ற ஏற்பாட்டில் 16 இலக்க எண் ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறார்கள். பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது.

பக்கத்தின் ஓரத்தில் "எச் இண்டெக்ஸ்" என்று ஒரு கணக்கு இருக்கும். ஹிர்ஷ் என்ற பௌதிகப் பேராசிரியர் 2005-ல் சொன்னது. ஒருவருக்கு ஐந்து கட்டுரைகள். மேற்கோள்கள் முறையே 12, 8, 5, 3, 1 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது மூன்று மேற்கோள் பெற்றவை மூன்றாவது இருக்கின்றன. நான்கு பெற்றவை நான்கு இல்லை. ஆகவே அவர் கணக்கு 3. வயதானவருக்கு ஏறும், இளையவருக்கு ஏறாது. கணிதக்காரரையும் வைத்தியக்காரரையும் இதில் ஒப்பிடுவது தராசில் துணியை முழம் போடுவது போல.

இந்த எண்ணை உயர்த்தித் தருவதாகவும், பணம் கட்டினால் பத்து நாளில் கட்டுரை அச்சிடுவதாகவும் வரும் கடிதங்களை நம்பாதீர்கள். ஸ்காலரில் வந்துவிட்டதாலேயே அது நல்ல பத்திரிகை என்று அர்த்தமல்ல. எந்திரம் பொறுக்கிச் சேர்க்கிறதே தவிர, தரம் பார்ப்பதில்லை. வட்டிக்கு வாங்கி அப்படிப் பணம் கட்டுமுன் பிள்ளையின் பேராசிரியரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

பக்கம் திறப்பவர்கள் சொந்தக் கணக்கில் திறந்து, கல்லூரி மின்னஞ்சலைச் சரிபார்ப்புக்கு மட்டும் கொடுக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் கல்லூரி விலாசத்தை நிறுத்திவிட்டாலும் பக்கம் கைவிட்டுப் போகாது. புது வேலையில் சேர்ந்ததும் அங்குள்ள விலாசத்தைக் கொடுத்தால் போதும்.