நாய்க்கும் வேண்டும் ஒரு வேலை

மும்பையில் அடுக்குமாடி வீடுகளில் நாய் வளர்க்கும் நம்மவர்கள் சந்தித்தால் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "வேளாவேளைக்குச் சோறு போடறோம், ரெண்டு தடவை வெளியே கூட்டிட்டுப் போறோம். அப்படியும் செருப்பைக் கடிக்குது, சோபாவைக் கிழிக்குது, ஆள் இல்லைன்னா ஓயாம குரைக்குது!"

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த எங்கள் மணிக்கு ஒரு வயதானபோது, பக்கத்து வீட்டாரின் புகார் சொசைட்டி வரை போயிற்று. "யாருக்காவது கொடுத்துடலாமா?" என்ற பேச்சும் எழுந்தது. கால்நடை மருத்துவர் அவனைப் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "இவனுக்கு நோய் ஒண்ணும் இல்லை சார். வேலைதான் இல்லை."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். நாய் மனிதனோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 14,000 ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலமெல்லாம் அது சும்மா இருந்ததில்லை. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்தின. கோம்பை காவல் காத்தது. மனித மூக்கில் மணம் உணரும் செல்கள் சுமார் 50 லட்சம் என்றால், நாயின் மூக்கில் அவை பல கோடி. அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டதாக 2011-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட மூக்கையும் மூளையையும் இரண்டு அறைக்குள் பூட்டி வைத்தால், அது தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். நம் செருப்பு அகப்படுகிறது!

செலவில்லாத சில விளையாட்டுகளைச் சொல்கிறேன்.

பணியாரக்கல்: ஆறிய கல்லின் குழிகளில் நாலைந்தில் மட்டும் தீனி வைத்து, எல்லாக் குழிகளையும் டென்னிஸ் பந்துகளால் மூடுங்கள். எந்தப் பந்துக்குக் கீழே தீனி இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, பந்தைத் தள்ளி எடுக்க வேண்டும். சிறிய பந்து வேண்டாம், தொண்டையில் சிக்கிவிடும்.

துண்டுச் சுருள்: பழைய துண்டில் தீனியைத் தூவிச் சுருட்டிக் கொடுங்கள். பழகியபின் தளர்வாக ஒரு முடிச்சுப் போடலாம். துணியை விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்கு இது கூடாது.

கண்ணாமூச்சி: ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் கதவுக்குப் பின் ஒளிந்து பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கண்டுபிடித்தால் பாராட்டும் ஒரு துண்டு தீனியும். கூப்பிட்டால் ஓடிவரும் பழக்கம் இதிலேயே வந்துவிடும்.

உடம்புக்கு: தலையணைகளை வரிசையாக வைத்துத் தாண்ட விடலாம், நாற்காலிக்கு அடியில் நுழைந்து வரச் செய்யலாம். கயிறு இழுக்கும் ஆட்டமும் நல்லதே, "விடு" என்றால் விடப் பழக்கியிருந்தால்.

எதையும் சுலபமாகத் தொடங்குங்கள். முதல் நாளே கஷ்டமாக வைத்தால் நாய் சலித்து ஒதுங்கிவிடும். ஒரு வேளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். விளையாட்டில் கொடுக்கும் தீனியை அன்றைய சாப்பாட்டிலிருந்தே எடுங்கள். இல்லாவிட்டால் நாய் குண்டாகிவிடும். சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம். வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் ஓட விடாதீர்கள். கோடை நண்பகலில் வெளியே விளையாட்டு வேண்டாம். தார்ச்சாலையில் நம் புறங்கையை வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

இதற்காக நடைப்பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது. அதோடு இதுவும் சேர வேண்டும். மணி அடங்குவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. இப்போது காலையில் பணியாரக்கல்லை எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறான். வேலை முடிந்ததும் நிம்மதியாகத் தூங்குகிறான், பக்கத்து வீட்டாரும்தான்.

நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எண்ணும் அன்பர்கள், அதற்குமுன் இரண்டு மாதம் இதைச் செய்து பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.