கண்டுபிடிப்பது ஊழியர், உரிமை யாருக்கு? பெட்ரோனாஸ் ஆய்வு சொல்லும் பாடம்

பிள்ளைக்கு எண்ணெய், எரிவாயுத் துறையில் வேலை கிடைத்துவிட்டது என்றால், தோட்டமானாலும் பட்டணமானாலும் நம் வீடுகளில் முதலில் கேட்பது சம்பளம் எவ்வளவு என்பதைத்தான். வேலை ஒப்பந்தத்தில் ‘அறிவுசார் சொத்து’ என்று ஒரு பகுதி இருக்கும். அதை நின்று படிப்பவர்கள் குறைவு. அந்தப் பிள்ளை நாளை ஒரு புதிய முறையையோ கருவியையோ கண்டுபிடித்தால், அது யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்மானிப்பதில் அந்தப் பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு.

கெர்த்தே, கெபெங், பிந்துலு, பெங்கேராங் ஆகிய இடங்களில் உள்ள ஆலைகளில் பொறியியலாளராகவும் தொழில்நுட்பராகவும் சேர விரும்பும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்களும் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

ஆய்வும் ஒரு தொழில்தான்

பெட்ரோனாஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது எண்ணெய் நிலையமும் இரட்டைக் கோபுரமும்தான். 1974 ஆகஸ்டு 17ஆம் தேதி தொடங்கப்பட்ட இந்தத் தேசிய நிறுவனத்துக்குச் சிலாங்கூர், பாங்கியில் சொந்த ஆய்வு மையம் இருக்கிறது. பேராக், ஸ்ரீ இஸ்கந்தாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1997 முதல் இயங்கி வருகிறது. கடலிலேயே எரிவாயுவைத் திரவமாக்கும் உலகின் முதல் மிதக்கும் ஆலையை 2016இல் சரவாக் கடற்பகுதியில் இயக்கியதும் இந்த நிறுவனமே.

எண்ணெய் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆய்வுக்கூடம் எதற்கு? பாதரசத்தின் கதையைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

எரிவாயுவில் கலந்து வரும் பாதரசம்

பூமிக்கு அடியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவில் சில இடங்களில் பாதரச ஆவியும் கலந்திருக்கும். தென்கிழக்காசிய எரிவாயு வயல்கள் பலவற்றில் இந்தச் சிக்கல் உண்டு. அளவு மிகக் குறைவுதான். ஆனால் எரிவாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கும் ஆலைகளில் அலுமினியக் கருவிகள் இருக்கின்றன. பாதரசம் அலுமினியத்தைச் சிறிது சிறிதாகத் தின்று பலவீனமாக்கிவிடும்.

1973இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா ஆலையில் அலுமினிய வெப்பமாற்றி பழுதானபோதுதான் இந்த ஆபத்தைத் தொழில்துறை சரியாக உணர்ந்தது. 2004 ஜனவரி முதல் நாளில் தென் ஆஸ்திரேலியாவின் மூம்பா எரிவாயு ஆலையில் ஏற்பட்ட வெடிப்புக்கும் பாதரசம் அலுமினியத்தை அரித்ததே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. பாதரசம் ஆலையில் வேலை செய்வோரின் உடலுக்கும் நஞ்சு.

பாதரசத்தைப் பிடித்து வைக்கக் கந்தகம் ஏற்றிய கரி போன்ற பொருள்கள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தன. பெட்ரோனாஸ், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து வேறு வழியைத் தேடியது. அவர்கள் எடுத்துக்கொண்டது அயனித் திரவம். அதிகச் சூடு இல்லாமலேயே திரவமாக இருக்கும் உப்பு என்று இதைச் சொல்லலாம். செம்பு கலந்த இந்தத் திரவத்தை நுண்துளைகள் நிறைந்த திடப்பொருளில் ஊறவைத்து, அதன் வழியாக எரிவாயுவைச் செலுத்தினார்கள். செம்பு, பாதரசத்தை உப்பாக மாற்றி அங்கேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. வெளியே வருவது பாதரசம் நீங்கிய எரிவாயு.

ஆய்வுக்கூடத்தில் கிராம் கணக்கில் செய்த இந்தப் பொருள் பிறகு டன் கணக்கில் தயாரானது. மலேசிய எரிவாயு ஆலை ஒன்றில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இயங்கியதாக, 2015இல் வேதியியல் இதழ் ஒன்றில் வெளியான கட்டுரையில் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். ‘ஹைக்காபியூர்’ என்ற வணிகப் பெயரில் இது அறியப்படுகிறது.

முதலில் விண்ணப்பம், பிறகு கட்டுரை

இங்கே கவனிக்க வேண்டியது ஆண்டு வரிசை. கட்டுரை வந்தது 2015இல். பாதரசத்தை நீக்கும் முறைக்கான அனைத்துலகக் காப்புரிமை விண்ணப்பமோ 2010லேயே வெளியாகிவிட்டது.

காப்புரிமை கிடைக்க, கண்டுபிடிப்பு உலகத்துக்குப் புதிதாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே அதை மாநாட்டில் பேசிவிட்டாலோ, முகநூலில் படம் போட்டுவிட்டாலோ புதுமை போய்விடும். கண்டுபிடித்தவரே வெளியிட்டிருந்தால் மலேசியச் சட்டம் ஓராண்டு அவகாசம் தருகிறது. ஆனால் எல்லா நாடுகளும் இப்படி அவகாசம் தருவதில்லை. அதனால்தான் பெரிய நிறுவனங்கள் ஊழியர்களின் வாயை முதலில் கட்டிவைக்கின்றன.

எல்லாவற்றையும் நிறுவனங்கள் காப்புரிமையாக்குவதும் இல்லை. காப்புரிமை என்பது ஒரு பேரம். கண்டுபிடிப்பை எல்லாரும் அறிய எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு மற்றவர்கள் அதை அனுமதியின்றிப் பயன்படுத்த முடியாது. காலம் முடிந்தால் அது பொதுச் சொத்து. இதற்கு மாறாக, எஞ்சின் எண்ணெய்க் கலவை விகிதம் போன்றவற்றை நிறுவனங்கள் பெரும்பாலும் வணிக இரகசியமாகவே வைத்துக்கொள்ளும். மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் அறிந்த ‘ஸ்பிரிந்தா’ போன்ற பெயர்களுக்குப் பாதுகாப்புத் தருவது வணிக முத்திரை. அதைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

ஊழியருக்கு என்ன உரிமை?

மலேசியாவின் 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு இதைப் பற்றியது. கண்டுபிடிப்பதே உங்கள் வேலை என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, காப்புரிமை முதலாளிக்கே சேரும். பெட்ரோனாஸ் என்றில்லை, எல்லா நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

ஆனால் சட்டம் அதோடு நிற்கவில்லை. ஒப்பந்தம் போட்டபோது இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிட அந்தக் கண்டுபிடிப்பின் பொருளாதார மதிப்பு மிக அதிகமாகிவிட்டால், கண்டுபிடித்தவருக்கு நியாயமான சன்மானம் பெறும் உரிமை உண்டு. பேசி முடியாவிட்டால் தொகையை நீதிமன்றம் நிர்ணயிக்கலாம்.

தொழில்நுட்பர்களுக்கு இன்னும் முக்கியமான பகுதி ஒன்று இருக்கிறது. வால்வைப் பராமரிப்பது உங்கள் வேலை. கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல. ஆனாலும் நிறுவனத்தின் தகவலையும் கருவியையும் பயன்படுத்தி, அதன் தொழிலுக்கு உதவும் புதிய ஒன்றைச் செய்துவிட்டீர்கள். அப்போதும் காப்புரிமை பொதுவாக நிறுவனத்துக்குத்தான் போகும். ஆனால் உங்களுக்குச் சன்மானம் கேட்கும் உரிமை உண்டு. உங்கள் சம்பளம், கண்டுபிடிப்பின் மதிப்பு, நிறுவனம் அடைந்த பயன் ஆகியவற்றைப் பார்த்து அது முடிவு செய்யப்படும்.

இந்த உரிமைகளை எந்த ஒப்பந்தமும் குறைக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. வேலையில் சேரும் நாளில் கையொப்பமிட்டுவிட்டோமே என்று யாரும் வாயடைத்து நிற்க வேண்டியதில்லை.

காப்புரிமை ஆவணத்தில் உரிமையாளர் பெயர் ஓர் இடத்திலும், கண்டுபிடித்தவர் பெயர் வேறோர் இடத்திலும் இருக்கும். வேண்டாம் என்று கண்டுபிடித்தவரே எழுதிக் கொடுத்தாலன்றி, அவர் பெயர் இடம்பெற வேண்டும். அடுத்த வேலைக்கோ மேற்படிப்புக்கோ போகும்போது அந்தப் பெயரே பெரிய சான்று.

இளைஞர்கள் செய்யக்கூடியவை

வேலை ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்து, இரகசியக் காப்பு ஆகிய பகுதிகளைக் கையொப்பமிடும் முன் படியுங்கள். பயிற்சி மாணவராகச் சேர்ந்தாலும் படியுங்கள்; பல்கலைக்கழகம், நிறுவனம், மாணவர் என மூன்று தரப்பு இருக்கும் ஆய்வுகளில் உரிமை யாருக்கு என்பது தாளில் எழுதியதைப் பொறுத்தது.

செய்த வேலையைத் தேதியோடு குறித்து வையுங்கள். யோசனையை மேலதிகாரியிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு விட்டுவிடாமல், எழுத்தில் கொடுத்து ஒரு படியை நிறுவன விதிகளுக்கு உட்பட்டு வைத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை விண்ணப்பம் போகிறதென்றால், கண்டுபிடிப்பாளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது தவறில்லை.

சொந்தப் பட்டறையில் சொந்தக் கருவியால், முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைச் செய்தவருக்கு வழி வேறு. ஒப்பந்தம் தடுக்கவில்லை என்றால், மைபோ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் அவரே விண்ணப்பிக்கலாம். முழுக் காப்புரிமைக்கு வேண்டிய அளவு பெரிய கண்டுபிடிப்பாக இல்லாவிட்டாலும், புதியதும் பயனுள்ளதுமான சிறு மேம்பாட்டுக்குப் ‘பயன்பாட்டுப் புத்தாக்கம்’ என்ற சான்றிதழ் உண்டு. முதலில் 10 ஆண்டு. வணிகத்தில் பயன்பாட்டில் இருந்தால் ஐந்தைந்து ஆண்டாக இருமுறை நீட்டிக்கலாம்.

அயனித் திரவம் எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் ஆலையிலும் தோட்டத்திலும் நம்மவர்கள் கம்பியை வளைத்து, குழாயை மாற்றிப் பொருத்திச் செய்யும் சின்னச் சின்ன மாற்றங்கள் கொஞ்சமல்ல. அவற்றில் எது புதியது, எது காகிதத்தில் ஏற வேண்டியது என்று பார்க்கும் பழக்கம் நமக்கும் வர வேண்டும். அதைத் தொடங்குவதற்கு நல்ல இடம், மேசை இழுப்பறையில் கிடக்கும் வேலை ஒப்பந்தம்தான்.