புதுக்குடித்தனத்துக்கு வாடகை வீடு

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன் பின்னாலேயே ஓடிவந்தான். தை மாதம் அவனுக்குக் கல்யாணம்.

"அங்கிள், வீடு பாத்துட்டேன். காந்திவலியில ஒரு பெட்ரூம் ஃபிளாட். நாளைக்கு டோக்கன் குடுக்கப் போறேன்" என்றான் மகிழ்ச்சியாக.

"பொண்ணு பாத்துட்டாளா?" என்று கேட்டேன்.

"போட்டோ அனுப்பினேன் அங்கிள். ஓகேன்னு சொல்லிட்டா."

அவனுக்கு வேலை லோயர் பரேலில். அந்தப் பெண்ணுக்கு ஐரோலியில். காந்திவலியிலிருந்து அவன் ஒரே வண்டியில் போய்விடுவான். அவள் ரயிலில் போவதென்றால் தாதரில் இறங்கி மத்திய ரயில்வேக்கு மாறி, தாணேயில் மறுபடி இறங்கி, வாஷி வண்டி பிடிக்கவேண்டும். காலையில் மூன்று வண்டி, மாலையில் மூன்று வண்டி. "டோக்கனை ஒரு வாரம் தள்ளிப்போடப்பா" என்று சொல்லி அனுப்பினேன். அவனிடம் படிக்கட்டில் நின்று அவசரமாகச் சொன்னதை, அவனைப்போல் புதுக்குடித்தனம் தொடங்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இதை எழுத எனக்குள்ள தகுதி, ரயில்வேயில் வொர்க்ஸ் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் குவார்ட்டர்ஸ்களைப் பழுதுபார்த்தது மட்டுமல்ல. நானே ஒரு தப்புச் செய்திருக்கிறேன் என்பதுதான் முக்கியமான தகுதி.

1986-இல் எனக்குக் கல்யாணம் ஆனபோது கல்யாண் பக்கம் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்க வரிசை நீளமாக இருந்ததால் டோம்பிவலியில் வாடகைக்கு வீடு தேடினேன். ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு கிடைத்தது. சுவரைத் தட்டிப் பார்த்தேன், பீமைப் பார்த்தேன், சாக்கடை வாட்டம் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த மனைவியை நேரே அந்த வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

எனக்குப் பாதி நாள் இரவு வேலை. ஒருநாள் வேலை சீக்கிரம் முடிந்து விடியற்காலை ஐந்து மணிக்கே வந்துவிட்டேன். கட்டடத்தின் கீழே குழாயடியில் வரிசை. என் மனைவி இரண்டு கைகளிலும் வாளியுடன் படியேறிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு நான்காவது மாதம். காலையில் தண்ணீர் வரும் ஒரு மணி நேரத்திலும் மூன்றாவது மாடிக்கு அது ஏறுவதே இல்லையாம். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே இப்படித்தானாம்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க பாத்துப் பாத்து எடுத்த வீடாச்சே" என்றாள்.

அந்த மாதமே தரைத்தளத்தில் வேறு வீடு பார்த்தோம். ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம் கூடுதல் நடை. நடப்பது நான்தானே! அந்த வீட்டை அவள்தான் முதலில் பார்த்தாள், பிறகுதான் நான்.

ஆகவே என் முதல் ஆலோசனையும் கடைசி ஆலோசனையும் ஒன்றே. இருவரும் நேரில் பார்க்காத வீட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

மும்பையில் வாடகை என்பது இடத்துக்கு மட்டும் கொடுப்பதல்ல, நேரத்துக்கும் சேர்த்துக் கொடுப்பது. ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை ஆகும் நேரத்தை இருவருக்கும் தனித்தனியே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்து எழுதினால் கணக்கு தப்பு. வேலை நாளில் காலை எட்டரை மணிக்கு அந்த ஸ்டேஷனில் நின்று, வண்டியில் ஏற முடிகிறதா என்று பாருங்கள். அங்கிருந்தே புறப்படும் வண்டிகள் உண்டா, விரைவு வண்டி நிற்குமா, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து வீடு வரை வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிறதா என்பதும் முக்கியம். இருவரில் ஒருவர் அரை மணி நேரத்திலும் மற்றவர் இரண்டு மணி நேரத்திலும் போய்ச் சேரும்படி ஒரு வீடு அமைந்தால், நாளடைவில் அந்த ஒன்றரை மணி நேர வித்தியாசம் அடுக்களையில் சண்டையாக வந்து நிற்கும்.

தண்ணீர்

புரோக்கரிடம் கேட்டால் "இருபத்துநாலு மணி நேரம்" என்பார். கீழ்வீட்டு அம்மாளிடமும் வாட்ச்மேனிடமும் கேளுங்கள். எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, மே மாதத்தில் டாங்கர் லாரி வாங்குகிறார்களா, அந்தச் செலவு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். தண்ணீர் பத்து மீட்டர் உயரம், அதாவது சுமார் மூன்று மாடி ஏற, சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் வேண்டும். தெருக்குழாயில் அது பல இடங்களில் இருக்காது. அதனால் கீழே தொட்டி, பம்ப், மொட்டைமாடியில் தொட்டி மூன்றும் உண்டா என்று பார்த்து, எல்லாக் குழாய்களையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டுப் பாருங்கள்.

சுவரும் மழையும்

நம் தென்மேற்குப் பருவமழை மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் அடிக்கும். அந்தத் திசைச் சுவர்கள்தான் முதலில் ஓதம் காக்கும். அறை முழுவதும் பழைய சுண்ணாம்பாக இருந்து, ஒரு மூலையில் மட்டும் புதுப் பெயிண்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பெயிண்ட் உப்பியிருப்பது, வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது, கதவு அடைத்த அலமாரிக்குள் பூஞ்சை வாடை அடிப்பது ஆகியவை நீர்க்கசிவுக்கு அடையாளம். கடைசி மாடியானால் மேல்தளத்தையும், நடு மாடியானால் மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழேயுள்ள கூரையையும் அண்ணாந்து பாருங்கள். மழைக்காலத்தில் வீடு பார்ப்பது தொந்தரவுதான். ஆனால் வீடு உண்மையைச் சொல்லும் காலம் அதுதான்.

கையில் அளவு டேப் இருக்கட்டும். ஆறுக்கு ஆறரை அடிக் கட்டில் போட்டபின் பீரோவின் கதவு திறக்குமா, கிரைண்டர் வைக்க மேடையில் இடமுண்டா, அதன் பக்கத்தில் பிளக் உண்டா என்று அளந்து பாருங்கள். உடனடியாகச் சூடாக்கும் மூன்று கிலோவாட் கீஸர் பதின்மூன்று ஆம்பியர் இழுக்கும். அதற்குப் பதினாறு ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த்தும் வேண்டும். கடைசி மின்கட்டண ரசீதைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், பழைய பாக்கி உண்டா என்பதும் தெரிந்துவிடும்.

பணக் கணக்கு

வாடகை 25,000 ரூபாய், டெபாசிட் ஒரு லட்சம் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். புரோக்கருக்குப் பெரும்பாலும் ஒரு மாத வாடகை. ஆக டெபாசிட் 1,00,000, முதல் மாத வாடகை 25,000, புரோக்கர் 25,000. சாவி கைக்கு வருமுன்னே ஒன்றரை லட்சம் ஆயிற்று. லாரிக் கூலி, கேஸ் இணைப்பு, மின்விசிறி, திரைச்சீலை எல்லாம் தனி. கல்யாணச் செலவு முடிந்த கையோடு இது வருவதால், முன்கூட்டியே தனியாக எடுத்துவைக்கவேண்டும்.

இந்தப் பணத்தில் யார் எவ்வளவு போடுவது என்பதை வீடு பார்க்கும்போதே இருவரும் பேசிவிடுங்கள். பெண் வீட்டார் டெபாசிட் கொடுக்கட்டும் என்று எதிர்பார்த்து இருப்பது அழகல்ல. இருவர் சம்பளத்திலிருந்தும் விகிதப்படி போடுவது, அல்லது ஒருவர் வாடகையும் மற்றவர் வீட்டுச் செலவும் ஏற்பது, எதுவானாலும் சரி. பேசாமல் இருப்பதுதான் சரியல்ல. ஊருக்குப் பெற்றோர்களுக்கு அனுப்பும் பணத்தையும் இந்தக் கணக்கில் மறைக்காமல் சேருங்கள்.

ஒப்பந்தம்

"பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு?" என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்யவேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் அது. மகாராஷ்டிரத்தில் அந்தப் பேச்சு செல்லாது. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 55-ஆம் பிரிவின்படி, வாடகை ஒப்பந்தமானாலும் லீவ் அண்ட் லைசென்ஸ் ஆனாலும் எழுத்தில் இருக்கவேண்டும், பதிவும் செய்யவேண்டும். பதிவு செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் அவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. பதிவு இல்லாவிட்டால், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, வேறுவிதமாக நிரூபிக்கப்படும் வரை, எடுத்துக்கொள்ளப்படும்.

முத்திரைத்தீர்வை மொத்த வாடகையுடன் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியைக் கணக்கிட்டுச் சேர்த்து, அதில் கால் சதவீதம். மேற்சொன்ன கணக்குக்குப் பதினோரு மாதத்துக்கு 710 ரூபாய் வருகிறது. பதிவுக் கட்டணம் இதற்கு மேல். இந்தச் சிறு தொகையை மிச்சம் பிடிக்க நினைத்து லட்ச ரூபாய் டெபாசிட்டை ஆதாரமின்றி விடலாமா? இப்போது கைரேகைக் கருவியுடன் வீட்டுக்கே வந்து கணினியில் பதிவு செய்து தருகிறார்கள்.

கையெழுத்திடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, அது இரு தரப்புக்கும் ஒன்றுதானா, இடையில் காலி செய்யமுடியாத லாக்-இன் காலம் எவ்வளவு, டெபாசிட் எந்த நாளில் திரும்ப வரும், சொசைட்டி பராமரிப்புக் கட்டணம் யாருடையது, பெயிண்ட் அடிக்கப் பிடித்தம் உண்டா ஆகியவை எழுத்தில் இருக்கவேண்டும். ஒன்று நமக்கும் பொருந்தும். காலம் முடிந்தும் காலி செய்யாமல் இருந்தால் இரட்டிப்புக் கட்டணம் தரநேரும் என்று அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது.

ரயில்வேயில் குவார்ட்டர்ஸ் கொடுக்கும்போது விசிறி எத்தனை, விளக்கு எத்தனை, கண்ணாடி உடைந்தது எத்தனை என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குவோம். நீங்களும் அப்படியே செய்து, குடியேறும் நாளிலேயே ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும் நாளில் வாக்குவாதம் இராது.

இன்னொன்று, இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். ஊரிலிருந்து வரும் பெண்ணுக்கு எல்லாத் தாள்களிலும் அப்பா வீட்டு விலாசம்தான் இருக்கும். வங்கி, ஆதார், பாஸ்போர்ட் என்று எதற்குப் போனாலும் "உங்கள் பெயரில் விலாச ஆதாரம் உண்டா?" என்பார்கள். பதிவான ஒப்பந்தத்தில் அவள் பெயர் இருந்தால் அந்த அலைச்சல் குறையும். அதைவிட, இந்த ஊரில் தனக்கும் ஒரு விலாசம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும்.

சொசைட்டியும் அண்டை வீடும்

சொசைட்டியின் சம்மதக் கடிதத்தை முன்னதாகவே கேட்கச் சொல்லுங்கள். குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கும் வேலையும் வீட்டுக்காரருடையதே. நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். சைவமா அசைவமா என்று கேட்பார்கள். மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மீன் குழம்பை ஒளித்து வைத்துச் சாப்பிடும் வீட்டில் நிம்மதி இருக்காது. கிரைண்டரை இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டாதீர்கள். வாசலில் கோலம் போடுவதைப் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள். பிறகு அவர்களே வந்து வேடிக்கை பார்ப்பார்கள். நாலு வார்த்தை மராத்தி கற்றுக்கொண்டால், அவசரத்துக்கு ஓடிவரும் மனிதர்கள் பக்கத்திலேயே கிடைப்பார்கள். எங்கள் முதல் பிரசவத்துக்கு நள்ளிரவில் ஆட்டோ பிடித்துத் தந்தவர், புது வீட்டின் எதிர்வீட்டுக்காரர்தான்.

பையனின் கதையை முடிக்காமல் விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு அந்தப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு காந்திவலிக்குப் போயிருக்கிறான். அவள் வீட்டைப் பார்ப்பதற்கு முன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாளாம். அதன் பிறகு இருவருமாக முலுண்டில் தேடி ஒரு வீடு பிடித்திருக்கிறார்கள். அறை சின்னது, வாடகை இரண்டாயிரம் கூடுதல். அவள் தாணேயில் ஒருமுறை மாறினால் ஐரோலி; அவன் கரி ரோடில் இறங்கி நடந்தால் லோயர் பரேல்.

"கொஞ்சம் நடக்கணும் அங்கிள்" என்றான் தொலைபேசியில்.

"நட, உடம்புக்கு நல்லது" என்றேன்.