ஒரு தோளுக்கு ஒரு பை

2009இல் வன்னியில் கடைசியாக இடம்பெயர்ந்தபோது அம்மா மூன்று பைகள் கட்டினார். வழியில் தம்பியைத் தூக்க வேண்டி வந்ததால் இரண்டை வீதியோரத்தில் விட்டோம். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் விட்ட பையில் போய்விட்டன. மிஞ்சிய பையில் சட்டி பானைகள். பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டுமே என்று அவர் நினைத்ததில் பிழையில்லை. ஆனால், பிரதிகள் எடுக்கப் பிரதேச செயலகத்துக்கும் காணிப் பதிவகத்துக்கும் அவர் அலைந்த நாட்கள் பல.

2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் பலர் உடுத்த உடுப்போடுதான் வெளியேறினார்கள். ஆகவே சகோதரிகளே, மாரிக்கு முன்பே ஒரேயொரு பையை ஆயத்தமாக வையுங்கள்.

முதலில் பத்திரங்கள்: பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், காணி உறுதி, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி. இவற்றை இரண்டு பொலித்தீன் உறைகளுக்குள் இட்டு இறுகக் கட்டுங்கள். போட்டோப் பிரதிகளை மேட்டு நிலத்திலுள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். அடுத்து ஒரு வாரத்துக்கான மருந்து, மாதவிடாய்த் துணி, டோர்ச் லைட், தொலைபேசி இலக்கங்கள் எழுதிய தாள். ஆளுக்கொரு மாற்றுடுப்பு போதும். சுருட்டி வைத்தால் இடம் மிச்சம்.

பிறகு பையைத் தோளில் கொழுவி, பிள்ளையை இடுப்பில் வைத்து, முற்றத்தை இரண்டு தடவை சுற்றி வாருங்கள். மூச்சு வாங்கினால் பாரம் கூட. எதையாவது குறையுங்கள், பத்திரங்களை அல்ல.

எங்கள் வீட்டுப் பையை இன்றும் அம்மாதான் கட்டுகிறார். அடியில் சிறிய சட்டியொன்றை ஒளித்து வைப்பார். நான் கண்டும் காணாததுபோல இருந்துவிடுவேன். உறுதி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.