டெட்ரிஸ்: நாற்பதாண்டு ஈர்ப்பும் அது ஆசிரியர்க்கு உணர்த்துவதும்

கணினி விளையாட்டுகளின் ஆயுள் பெரும்பாலும் குறுகியது. புதிய கருவியொன்று சந்தைக்கு வந்தவுடன் பழைய விளையாட்டு மறக்கப்படுகிறது. இந்நிலைக்கு விலக்காக நிற்பது டெட்ரிஸ். நான்கு சிறு சதுரங்களால் ஆன வடிவங்கள் திரையின் மேலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. ஆடுபவர் அவற்றைத் திருப்பியும் நகர்த்தியும் இடைவெளியின்றி அடுக்க வேண்டும். ஒரு வரிசை முழுமையாக நிரம்பினால் அது மறைந்துவிடும். அடுக்கு திரையின் உச்சியைத் தொட்டால் ஆட்டம் முடிந்துவிடும். விதிகள் இவ்வளவே. இதில் கதையில்லை, கதைமாந்தர் இல்லை, வெல்வதற்கு ஓர் எதிரியும் இல்லை. ஆயினும் 1984ஆம் ஆண்டில் தோன்றிய இவ்விளையாட்டு இன்றும் கைப்பேசிகளில் ஆடப்பெற்று வருகிறது.

இதன் ஈர்ப்பு எங்கிருந்து பிறக்கிறது? இதனை ஆடுவதால் மாணவரின் அறிவு கூர்மையடையுமா, அல்லது காலம் வீணாகுமா? பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி எழுப்பும் இவ்வினாக்களுக்கு விடை காண, முதலில் விளையாட்டின் அமைப்பையும், பின்னர் அதனைப் பற்றிய ஆய்வுகளையும் நோக்குவோம்.

தோற்றம்

டெட்ரிசை உருவாக்கியவர் அலெக்சி பஜித்னொவ். அவர் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் பணியாற்றியவர். ஐந்து சதுரங்களை ஒட்டி அமைக்கப்படும் பன்னிரண்டு துண்டுகளை ஒரு பெட்டிக்குள் பொருத்தும் புதிர் அவருக்கு மிகவும் பிடித்தமானது. சதுரங்களை இணைத்துப் பெறும் இத்தகைய வடிவங்களை அமெரிக்கக் கணித அறிஞர் சாலமன் கொலம்ப் 1953ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து புகழ்பெறச் செய்திருந்தார். அப்புதிரைக் கணினிக்குக் கொண்டுவர விரும்பிய பஜித்னொவ், பன்னிரண்டு வடிவங்கள் விரைவான ஆட்டத்திற்கு மிகுதி என உணர்ந்தார். எனவே ஐந்து சதுரங்களை நான்காகக் குறைத்தார். வடிவங்களும் ஏழாகச் சுருங்கின. நான்கு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான 'டெட்ரா'வையும், தமக்கு விருப்பமான டென்னிஸ் ஆட்டத்தின் பெயரையும் இணைத்து 'டெட்ரிஸ்' எனப் பெயரிட்டார்.

அவர் பயன்படுத்திய எலெக்ட்ரோனிகா 60 என்னும் கணினியில் படம் வரையும் வசதி இல்லை. எழுத்துக் குறிகள் மட்டுமே திரையில் தோன்றும். ஆகவே பகர அடைப்புக்குறிகளை அருகருகே நிறுத்திச் சதுரங்களாகக் காட்டினார். அழகிய வண்ணங்களோ இசையோ இல்லாத அந்நிலையிலேயே உடன் பணியாற்றியோர் அதனை விட்டு அகல இயலாமல் ஆடினர் என்பது நாம் கருத்திற்கொள்ளத்தக்கது. ஈர்ப்பு ஒப்பனையில் இருக்கவில்லை என்பதற்கு இதுவே முதற்சான்று. பின்னர் 1989இல் நிண்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவியின்வழி டெட்ரிஸ் உலகெங்கும் பரவியது. படித்தறிய வேண்டிய சொற்கள் ஏதும் இல்லாமையால் மொழி எல்லைகளை அது எளிதில் கடந்தது.

ஏழு வடிவங்களும் தீராக் குறையும்

நீள்கோல், பெருஞ்சதுரம், ஆங்கில எழுத்தான டி போன்றது, வளைந்த எல் போன்றதும் அதன் கண்ணாடிப் பிம்பமும், படி போன்று மடிந்த எஸ் வடிவமும் அதன் பிம்பமும் என வடிவங்கள் ஏழு. இவ்வேழிலும் சேர்த்து 28 சதுரங்கள் உள்ளன. நான்கு வரிசை, ஏழு நிரல் கொண்ட செவ்வகத்திலும் 28 சதுரங்களே உள்ளன. அப்படியானால் ஏழு வடிவங்களையும் ஒருமுறை பயன்படுத்தி அச்செவ்வகத்தை நிரப்ப முடியுமா?

முடியாது. அதற்கான காரணம் எளியது. செவ்வகத்தைச் சதுரங்கப் பலகைபோலக் கறுப்பும் வெள்ளையுமாக வண்ணமிடுவோம். இரு நிறங்களிலும் 14 சதுரங்கள் அமையும். ஆறு வடிவங்கள் எங்கு வைக்கப்பட்டாலும் இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையும் மறைக்கும். டி வடிவம் மட்டும் ஒரு நிறத்தில் மூன்றையும் மற்றதில் ஒன்றையும் மறைக்கும். ஆகவே ஏழும் சேர்ந்தால் 15க்கு 13 என்றே வரும். 14க்கு 14 என வராது. டி வடிவம் இன்னொன்று வந்தாலன்றி இவ்வேற்றுமை தீராது. முழு ஒழுங்கு கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றியும், ஏதோ ஒன்று மிஞ்சிக்கொண்டே இருப்பது இவ்வடிவங்களின் இயல்பிலேயே உள்ளது. அந்த மிச்சத்தைச் சீர்செய்யும் விழைவே ஆடுபவரை அடுத்த துண்டுக்காகக் காத்திருக்கச் செய்கிறது.

மறையும் வெற்றி, நிற்கும் பிழை

டெட்ரிசில் ஆடுபவர் சரியாகச் செய்தது உடனே கண்ணைவிட்டு மறைகிறது. தவறாகச் செய்தது திரையிலேயே தங்குகிறது. ஓர் இடைவெளியை மூடிவிட்டால், அதன் மேலுள்ள வரிசைகளை ஒவ்வொன்றாக நீக்கிய பின்னரே அதனைத் திருத்த முடியும். பிழையைச் சுட்டிக்காட்ட எவரும் தேவையில்லை. அதன் விளைவை ஆடுபவரே காண்கிறார்.

புள்ளி வழங்கும் முறையும் கூர்ந்து நோக்கத்தக்கது. நிண்டெண்டோவின் பழைய வீட்டுக் கருவியில், தொடக்க நிலையில் ஒரு வரிசையை நீக்கினால் 40 புள்ளிகள், இரண்டை ஒருசேர நீக்கினால் 100, மூன்றுக்கு 300, நான்குக்கு 1200. நான்கு வரிசைகளைத் தனித்தனியே நீக்குபவருக்கு 160 புள்ளிகளே கிடைக்கும். எனவே தேர்ந்தவர்கள் ஓரத்தில் ஒரு நிரலைக் காலியாக விட்டு, நீள்கோல் வருமெனக் காத்திருப்பர். அது வரத் தாமதித்தால் அடுக்கு உயரும். பொறுப்பதா, கிடைத்ததைக் கொண்டு தப்பிப்பதா என்னும் முடிவைச் சில நொடிக்குள் எடுக்க வேண்டும். கதையில்லாத விளையாட்டில் பரபரப்பைப் பிறப்பிப்பது இத்தெரிவே.

உறுதியான தோல்வி

இவ்விளையாட்டை முடிவின்றி ஆட முடியுமா என்பதைக் கணித அறிஞர்களும் ஆராய்ந்துள்ளனர். எஸ் வடிவமும் அதன் பிம்பமும் மாறிமாறி வந்துகொண்டே இருந்தால் எத்துணைத் திறமையாளரும் இறுதியில் தோற்பார் என ஹைடி பர்கியல் 1997இல் நிறுவினார். வடிவங்கள் முற்றிலும் குருட்டாம்போக்கில் வருமாயின், போதிய காலம் ஆடும்போது அத்தகைய தொடரும் என்றேனும் வந்தே தீரும். 2002இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த மூவர் மற்றொன்றை மெய்ப்பித்தனர். வரவிருக்கும் துண்டுகள் அனைத்தும் முன்னரே தெரிந்திருந்தாலும், அவற்றை மிகச் சிறப்பாக அடுக்கும் வழியைக் கண்டறிவது கணினிக்கும் கடினமான சிக்கல்களின் வகையைச் சேர்ந்தது என்பதே அது.

தோல்வி உறுதி எனத் தெரிந்தும் மனிதர் தம் எல்லையைத் தள்ளிக்கொண்டே சென்றுள்ளனர். நிண்டெண்டோ கருவியில் 29ஆம் நிலையின் வேகத்திற்கு மனித விரல்கள் ஈடுகொடுக்கா என நெடுங்காலம் கருதப்பட்டது. பொத்தானை அழுத்தும் புதிய முறைகளைக் கண்டறிந்தோர் அதனைத் தாண்டினர். 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவர் ஒருவர் 157ஆம் நிலைவரை ஆடியபோது, அவர் தோற்பதற்கு முன்னரே நிரல் செயலிழந்து திரை உறைந்தது.

ஆய்வுகள் கூறுவன

1992இல் ரிச்சர்ட் ஹையர் குழுவினர், சில வாரங்கள் டெட்ரிஸ் பயின்றோரின் மூளை, திறன் வளர்ந்த பின்னர் முன்னைவிடக் குறைந்த ஆற்றலையே செலவிட்டதெனக் கண்டனர். டேவிட் கிர்ஷும் பால் மாக்லியோவும் 1994இல் வெளியிட்ட ஆய்வு, ஆடுபவர்கள் தேவைக்கு மேலாகவே துண்டுகளைத் திருப்பிப் பார்ப்பதைக் காட்டியது. மனத்திற்குள் திருப்பிப் பார்ப்பதைவிடத் திரையில் திருப்பிப் பார்ப்பது விரைவானது. அதாவது, கையும் சிந்தனையில் பங்குகொள்கிறது. 2000ஆம் ஆண்டில் ராபர்ட் ஸ்டிக்கோல்டு குழுவினர், டெட்ரிஸ் ஆடியோரிற் பலர் உறக்கம் தழுவும் வேளையில் விழும் வடிவங்களைக் கண்டதாகக் கூறியதைப் பதிவுசெய்தனர். ஆடியதையே நினைவில் வைத்திருக்க இயலாத மறதி நோயாளிகள் சிலரும் அவ்வாறே கூறினர்.

ஆயினும் நாம் மறக்கலாகாத ஆய்வு ஒன்றுண்டு. வலெரி சிம்சும் ரிச்சர்ட் மேயரும் 2002இல் வெளியிட்ட முடிவின்படி, டெட்ரிசில் தேர்ந்தோர் டெட்ரிஸ் வடிவங்களை மனத்தில் திருப்பிப் பார்ப்பதில் சிறந்து விளங்கினர். வேறுவகை வடிவங்களில் அச்சிறப்பு பெரிதும் காணப்படவில்லை. எனவே, இதனை ஆடினால் கணக்கில் மதிப்பெண் உயரும் என எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. ஒன்றில் பெற்ற பயிற்சி மற்றொன்றுக்குத் தானாகவே கடந்து செல்வதில்லை.

வகுப்பறைக்கு வருவது

அப்படியாயின் ஆசிரியர் இதிலிருந்து பெறுவது யாது? ஆடுவதால் வரும் பயனைவிட, ஆட்டம் அமைக்கப்பட்ட முறையே நமக்கு உதவும் என்பது எம் கருத்து. விதிகள் ஒரு நிமிடத்தில் விளங்குகின்றன. கடினம் ஆடுபவரின் வளர்ச்சியோடு படிப்படியாக உயர்கிறது. பிழையின் விளைவு உடனே தெரிகிறது. அதனைத் திருத்தும் பொறுப்பும் ஆடுபவரிடமே உள்ளது. தோற்றவர் நாணமின்றி மறுகணமே தொடங்கலாம்.

நம் கட்டுரைப் பயிற்சியை இதனோடு ஒப்பிடுவோம். மாணவர் எழுதிய தாள் சில வாரங்கள் கழித்துச் சிவப்பு மைக் குறிகளோடு திரும்புகிறது. அதற்குள் எழுதியபோது என்ன நினைத்தார் என்பதை அவரே மறந்திருப்பார். மதிப்பெண்ணைப் பார்க்கிறார்; பிழையைப் பார்ப்பதில்லை. ஒரு பத்தியை எழுதி, அன்றே படித்துக்காட்டி, அன்றே திருத்தி மீண்டும் எழுதச் செய்தால் இந்நிலை மாறும். விளையாட்டு ஒருபோதும் தராத ஒன்றையும் ஆசிரியர் தரலாம்: பிழை ஏன் நேர்ந்தது என்னும் விளக்கம்.

வகுப்பில் செய்து பார்க்கத்தக்க எளிய பயிற்சி ஒன்றைக் கூறி நிறைவுசெய்வோம். கண்ணாடிப் பிம்பங்களை ஒன்றெனக் கொண்டால் வடிவங்கள் ஐந்தே. அவற்றை அட்டையில் வெட்டி, நான்குக்கு ஐந்து என்னும் செவ்வகத்தை நிரப்புமாறு மாணவரிடம் கொடுக்கலாம். துண்டுகளைத் திருப்பிப் போடவும் இசைவு தரலாம். சதுரங்கள் இருபது, இடமும் இருபது. எவராலும் நிரப்ப இயலாது. அவர்கள் போதிய அளவு முயன்ற பின்னர், செவ்வகத்தைக் கறுப்பு வெள்ளையாக வண்ணமிட்டு மீண்டும் முயலச் சொல்லுங்கள். டி வடிவத்தை எங்கு வைத்தாலும் ஒரு நிறம் மிகுவதை மாணவருள் ஒருவரேனும் கண்டுகொள்வார். அவர் அதனைத் தம் சொற்களில் மற்றவர்க்கு விளக்கட்டும். அதுவரை விடையை நாம் கூறாதிருப்போம்.