கதவு திறக்கும் நேரம்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. விடுமுறைக்காகக் குழந்தைகளுடன் வெளியூர் செல்கிறோம். அங்கே ஒரு வீட்டை வாடகைக்குப் பேசி வைத்திருக்கிறோம். அவ்வீட்டினுள் எத்தனை மணிக்கு நுழையலாம்? இதுவே பொருள். இதற்கு ஒரு பேச்சும் வேண்டுமோ என்று மாணவ நண்பர்கள் எண்ணக்கூடும். நானும் அவ்வாறு எண்ணியிருந்தவன்தான். 2024ஆம் ஆண்டு மே மாத இறுதியில், கோடைக்கானலில் பூட்டிய கதவொன்றின் முன் மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகே என் எண்ணம் மாறிற்று.

என் மகளும் மருமகனும் இரு குழந்தைகளோடு என்னைக் காண மதுரைக்கு வந்திருந்தனர். பேரனுக்கு வயது நான்கு, பேத்திக்கு ஒன்றரை. வெயிலின் கொடுமை தாங்காமல் மூன்று நாள் கோடைக்கானலில் தங்கி வரலாம் என்று முடிவு செய்தோம். ஏற்பாடுகளை நானே ஏற்றுக்கொண்டேன். ‘காட்டேஜ்’ என்று நாம் வழங்கும் தனி வீடு ஒன்றைப் பேசி, முன்பணமும் செலுத்தினேன். நண்பகல் 12 மணிக்கு உள்ளே நுழையலாம் என்று அப்போது கூறினார்கள். உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி அவ்வாண்டு மே 7ஆம் நாள் முதல் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. அதனையும் கவனமாகப் பதிவு செய்து பெற்றேன். இனி ஒரு குறையும் இல்லை என்பது என் நினைவு.

காலை 7 மணிக்குப் புறப்பட்டோம். வத்தலக்குண்டு வரை பயணம் இனிதே நடந்தது. மலைப்பாதை தொடங்கியதும் பேரனுக்குக் குமட்டல் கண்டது. வளைவுகளில் வண்டி திரும்புவதை நம் உட்செவி உணர்கிறது. வண்டியின் உட்புறத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ அசைவே இல்லை என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. இவ்விரு செய்திகளும் முரண்படுவதால் விளைவதே இக்குமட்டல். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு இது அரிது. அதற்கு மேற்பட்ட சிறுவர்களுக்கோ மிகுதி. பேரன் இருமுறை வாந்தியெடுத்தான். பேத்திக்கு அத்துன்பம் இல்லையாயினும், வண்டி அடிக்கடி நின்றமையால் அவள் உறக்கம் கலைந்து போயிற்று.

அவ்வீட்டை அடைந்தபோது மணி சரியாக 12. கதவு பூட்டியிருந்தது. பின்புறத்துக் கொடியில் விரிப்புகளை உலர்த்திக்கொண்டிருந்த ஓர் அம்மையார் விரைந்து வந்து, “ஐயா, மூணு மணிக்குத்தான் உள்ளே விடச் சொல்லியிருக்காங்க. நேரம் மாறினதைப் போனில் அனுப்பியிருந்தாங்களே” என்றார்.

எனக்குச் சினம் மூண்டது. முப்பது ஆண்டுகள் மணியடித்தபடி பள்ளி நடத்தியவன் நான். “12 மணி என்று சொல்லிவிட்டு 3 மணி என்பது என்ன நியாயம்? குழந்தைகளை வெயிலிலும் பனியிலும் நிறுத்தவா முன்பணம் வாங்கினீர்கள்?” என்று உரக்கக் கேட்டேன். அவர் தலைகுனிந்து நின்றார். அதற்குள் என் மகள் என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள். மூன்று நாள்களுக்கு முன்பே செய்தி வந்திருந்தது. ‘வருகை நேரம் பிற்பகல் 3 மணி என மாற்றப்பட்டுள்ளது’ என்று தெளிவாக எழுதியிருந்தது. நான் அதனைத் திறந்தே பார்க்கவில்லை. அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் வகுப்பறைக்கு வந்த மாணவர் எத்தனை பேரை நான் கடிந்திருக்கிறேன்! அன்று என் நாவு அடங்கிற்று.

நேரம் ஏன் மாறிற்று என்பதைப் பிறகு அந்த அம்மையாரிடமே கேட்டு அறிந்தேன். முன்பு தங்கியவர் 11 மணிக்கு வெளியேறுவார். புதியவர் 12 மணிக்கு வருவார். இடைப்பட்ட ஒரு மணி நேரத்தில் நான்கு கட்டில்களின் விரிப்புகளை மாற்றி, குளியலறைகளைக் கழுவி, சமையலறையைத் துலக்கி, குப்பையை அகற்றவேண்டும். செய்பவர் அவர் ஒருவரே. மூடுபனி இறங்கும் நாள்களில் துவைத்த துணி உலர்வதும் அரிது. அரைகுறையாக உலர்ந்த விரிப்பில் குழந்தைகள் படுத்தால் யாருக்குத் தீங்கு? பழைய நேரமே பொருந்தாத நேரம் என்பது எனக்கு விளங்கிற்று.

நகரங்களில் இத்தொல்லை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டு விடுதிகள் பலவற்றில் 24 மணி நேர முறை உண்டு. எந்த நேரத்தில் நுழைகிறோமோ, மறுநாள் அதே நேரம் வரை ஒரு நாள் எனக் கணக்கிடுவார்கள். ஐம்பது அறைகள் உள்ள இடத்தில் ஓர் அறையேனும் எப்போதும் தூய்மையாகக் காத்திருக்கும். ஆகவே அம்முறை அங்கே இயலும். தனி வீட்டில் ஒருவர் நீங்கினாலன்றி மற்றவர் நுழைய முடியாது. இங்கிலாந்தின் விடுமுறைக் குடில்களில், சனிக்கிழமை காலையில் ஒரு குடும்பம் புறப்பட, அன்று பிற்பகலில் மற்றொரு குடும்பம் வந்து சேர்வது நெடுநாளைய வழக்கம். 2020இல் கொள்ளைநோய்ப் பரவலுக்குப் பின் அந்நாட்டில் ஜூலை 4ஆம் நாள் குடில்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது, தூய்மைப் பணிக்கு மிகுதியான நேரம் தேவைப்பட்டமையால் பல இடங்களில் வருகை நேரத்தைப் பிந்தித் தள்ளினார்கள்.

ஆயின் குழந்தையின் உடல் இந்நியாயங்களை அறியாது. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு, பகல் உறக்கத்தையும் சேர்த்து, நாள் ஒன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு அது 10 முதல் 13 மணி நேரம். பகல் 1 மணிக்கு உறங்கிப் பழகிய குழந்தை 3 மணி வரை பொறுத்திராது. குளிரும் உண்டு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி குறையும். வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. கோடைக்கானல் சுமார் 2,100 மீட்டரில். இரண்டுக்கும் இடையே பத்து டிகிரிக்கு மேல் வேறுபாடு. எங்கள் குழந்தைகளோ மெல்லிய பருத்தி ஆடையில் இருந்தனர். கம்பளிச் சட்டைகள் பெட்டியின் அடியில் இருந்தன. அப்பெட்டி வண்டியின் பின்புறத்தில் எல்லாவற்றுக்கும் கீழே கிடந்தது.

யாரிடம் நான் உரக்கப் பேசினேனோ அந்த அம்மையாரே எங்களுக்கு உதவினார். தம் சிறு அறையில் பாய் விரித்துக் குழந்தைகளைப் படுக்க வைக்கச் சொன்னார். பேரனுக்கு வெந்நீர் கொடுத்தார். பேத்தி பத்து நிமிடத்தில் உறங்கிப்போனாள். பள்ளியில் தவறு செய்த மாணவனை எழுந்து நின்று ஒப்புக்கொள்ளச் சொல்வது என் வழக்கம். அன்று நானும் எழுந்து நின்று, “அம்மா, தவறு என்னுடையது, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது” என்றேன். “குழந்தைங்க வாடினா யாருக்கும் கோபம் வரத்தானே செய்யும், ஐயா” என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குத் திரும்பினார்.

மறு ஆண்டு அதே வீட்டுக்கு மீண்டும் சென்றோம். இம்முறை கதவு திறக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டேன். 3 மணிக்குக் கதவு திறக்கும். மலையேற இரண்டரை மணி நேரம். ஆகவே வத்தலக்குண்டிலிருந்து 12.30க்குப் புறப்படவேண்டும். அதற்கு முன் குழந்தைகளுக்கு எளிய உணவும் ஓய்வும் வேண்டும். ஆகவே 11 மணிக்கு அங்கே இருக்கவேண்டும். மதுரையை விட்டு 9.30க்குக் கிளம்பினால் போதும். இவ்வாறு வகுத்தமையால் வழக்கமான பகல் உறக்கம் மலைப்பாதையிலேயே அமைந்தது. கண்மூடி உறங்கிய பேரனுக்கு இம்முறை வாந்தி இல்லை. மாற்றுடை, கம்பளிச் சட்டை, பால், குடிநீர், ஒரு போர்வை ஆகியவற்றைத் தனிப் பையில் இட்டு என் மடியிலேயே வைத்துக்கொண்டேன். முன்னாள் மாலையில் உரிமையாளருக்குத் தொலைபேசியில் பேசி, நேரத்தில் மாற்றம் உண்டா, முன்னதாக வந்துவிட்டால் குழந்தைகள் அமர நிழலும் கழிப்பறையும் உண்டா என்று கேட்டு அறிந்தேன். கைக்குழந்தை வருவதை அறிந்தால் அவர்களும் இயன்றதைச் செய்கிறார்கள். நாம் சொல்லாவிட்டால் அவர்கள் எவ்வாறு அறிவர்?

நாங்கள் சென்றபோது மணி 2.50. அந்த அம்மையார் எங்களைக் கண்டதும் சிரித்து, “மூணு மணிதானே, ஐயா?” என்றார். பத்து நிமிடம் திண்ணையில் அமர்ந்திருந்தோம். உள்ளே அவர் தரையைத் துடைக்கும் ஓசை கேட்டது.

மாணவ நண்பர்களே, உங்கள் இல்லங்களில் இத்தகைய ஏற்பாடுகளைக் கைப்பேசியில் செய்பவர்கள் இன்று பெரும்பாலும் நீங்களே. வருகின்ற செய்தியைத் திறந்து படியுங்கள். படித்ததைப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மிகச் சிறிய குழந்தை எப்போது உண்ணும், எப்போது உறங்கும் என்பதைக் கேட்டு அறிந்த பிறகே புறப்படும் நேரத்தைக் குறியுங்கள்.