இரைப்பையில் இரத்தம், கணையத்தில் காரணம்

மலேசியாவின் சாலாக் செலாத்தானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ, மேல்வயிற்றில் எழுந்து முதுகுவரை பாயும் வலியை வலிமாத்திரைகளால் அடக்கியே பல வருஷங்களைக் கழித்த ஒருவர் திடீரென்று இரத்த வாந்தி எடுத்தால், குடற்புண்தான் என்று வீட்டார் எண்ணுவது இயல்பே. ஆயினும் அவருக்கு நாட்பட்ட கணைய அழற்சி இருக்குமாயின், இரத்தப்பெருக்கின் காரணம் இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் கணையத்தில் இருக்கக்கூடும் என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

மண்ணீரலிலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் சிரை கணையத்தின் பின்புறத்தை ஒட்டியே ஓடுவதால், அழற்சி நீடிக்கும்போது அதில் இரத்தம் உறைந்து பாதை அடைபடுவதுண்டு. அவ்விதம் தடைப்பட்ட இரத்தம் இரைப்பையின் மேற்பகுதியிலுள்ள சிறு சிரைகளில் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்ய, கல்லீரல் பழுதின்றி இருக்கும்போதே அச்சிரைகள் வெடித்துவிடுவதும் உண்டு. சிலருக்கோ கணைய நீர் அருகிலுள்ள தமனியின் சுவரையே அரித்து, அது புடைத்து உடையும்படி செய்கிறது. இது அபூர்வம், ஆனால் மிகக் கொடிது.

சிகிச்சையில் முதற்காரியம் உயிரைக் காப்பது: நாளத்தின் வழியே திரவமும், வேண்டுமளவு இரத்தமும் ஏற்றி, நோயாளி நிலைபெற்றபின் எண்டோஸ்கோப்பியால் இரத்தம் கசியும் இடத்தைக் கண்டறிகிறார்கள். புடைத்த சிரையாயின் விசேஷப் பசையை ஊசியால் செலுத்தி அடைப்பார்கள், தமனியாயின் சி.டி. ஸ்கேனில் கண்டு, தொடையின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி உலோகச் சுருள்களால் மூடுவார்கள். சிரை அடைப்பினால் இரத்தப்பெருக்கு உண்டானவர்களுக்கு மண்ணீரலை அகற்றும் அறுவைச் சிகிச்சை நிரந்தர நிவாரணம் தரவல்லது. ஆனால் மண்ணீரல் இல்லாதவரைக் கிருமிகள் எளிதில் தாக்குமாதலால், நிமோகாக்கஸ் முதலியவற்றுக்கு எதிரான தடுப்பூசிகளை, அவகாசமிருந்தால் அறுவைக்கு இரண்டு வாரம் முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும்.

குடியும் புகையும் இவ்வியாதியை வளர்ப்பவை என்பதில் சந்தேகமில்லை. 1941-ஆம் ஆண்டு தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்பதும் ஒரு கோரிக்கையாயிற்று. மது நம் குடும்பங்களுக்கு இழைத்த கேட்டை அத்தொழிலாளர்கள் நன்கறிந்திருந்தார்கள். எனினும் குடியே அறியாத இளைஞரையும் பற்றும் ஒருவகைக் கணைய நோய் கேரளத்திலும் தமிழகத்திலும் நெடுங்காலமாகக் காணப்படுவது; ஆதலின் இதைக் குடிகாரர் வியாதி என்று இகழ்வது அநியாயம். குடித்தவரையும் இகழ்தல் தகாது. ஏனெனில் இகழ்ச்சிக்கு அஞ்சியே பலர் தம் நோயை மறைக்கிறார்கள், மறைத்த நோய்க்கோ மருத்துவர் மருந்தளிக்க இயலாது.

ஆதலால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். மலம் தார்போல் கறுத்தாலோ, வாந்தியில் இரத்தம் தென்பட்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 999-ஐ அழையுங்கள். சாலாக் செலாத்தான்வாசிகளுக்குச் செராஸிலுள்ள, முன்னர் எச்.யு.கே.எம். எனப்பட்ட, துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. அங்கே, கணைய நோய் உண்டு என்பதையும், மதுப் பழக்கம், உட்கொண்ட வலிமாத்திரைகள் ஆகியவற்றையும் ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.